அப்பாவின் தடித்த புத்தகமும் நான்கு விமானங்களும்

மார்ச் 27, 2025, வியாழக்கிழமை

நாளை மறுநாள் இரவு நானும் அப்பாவும் கிளம்புகிறோம். சிங்கப்பூர் சாங்கியில் ஏறி ஃபிராங்க்ஃபர்ட், அங்கிருந்து ஐஸ்லாந்தின் கெஃப்லாவிக், அங்கே மூன்று இரவு, பிறகு டொராண்டோ, கடைசியாக மாண்ட்ரியல். மாண்ட்ரியலில் அக்கா இருக்கிறாள். அவள் குழந்தையை அப்பா இன்னும் நேரில் பார்க்கவில்லை. இதைவிடச் சுருக்கமான வழிகள் உண்டு. ஆனால் ஐஸ்லாந்து அப்பாவின் நெடுநாள் ஆசை. முப்பத்திரண்டு வருடம் மற்றவர்களுக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்தவர் அவர். கெஃப்லாவிக்கின் குறியீடான கேஇஎஃப் என்ற மூன்றெழுத்தை எத்தனையோ முறை தட்டியிருக்கிறார், அந்த ஊரில் ஒரு முறைகூட இறங்கியதில்லை.

நவம்பரில் டிக்கெட் எடுத்ததும் அவரிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலில் தேதியைத்தான் பார்த்தார்.

"சீசன் மாறுற ராத்திரியிலயாம்மா போட்டிருக்கே?"

தெரிந்துதான் போட்டேன், வேறு தேதியில் விடுப்பு கிடைக்கவில்லை. விமான உலகத்துக்கு வருடத்தில் இரண்டே பருவங்கள். மார்ச் கடைசி ஞாயிறன்று கோடைகால அட்டவணை தொடங்கும், அக்டோபர் கடைசி ஞாயிறன்று குளிர்கால அட்டவணை. ஐரோப்பா கடிகாரத்தை மாற்றுவதும் அதே இரண்டு ஞாயிறுகளில்தான். நெரிசல் மிகுந்த விமான நிலையங்களில் எந்த விமானம் எப்போது இறங்கலாம், எப்போது ஏறலாம் என்ற உரிமையும் பருவத்துக்குப் பருவம்தான் ஒதுக்கப்படுகிறது. ஆகவே அந்த ஒரு இரவில் உலகம் முழுவதும் ஏராளமான அட்டவணை வரிகள் முடிந்துபோய், புதிய வரிகள் உயிர்பெறும். இந்த வருடம் அந்த ஞாயிறு மார்ச் 30. நாங்கள் கிளம்புவது 29 இரவு.

என் வேலையும் இதுதான். நான்கு வருடமாக, விமான நிறுவனங்கள் அனுப்பும் அட்டவணைக் கோப்புகளைப் படித்துச் சரிபார்க்கும் குழுவில் இருக்கிறேன். அப்பா புத்தகத்தில் பார்த்ததை நான் கோப்பில் பார்க்கிறேன். அதனால்தான் இந்தப் பயணத்தைத் தினமும் எழுதிப் போடலாம் என்று தோன்றியது. இணைப்பு விமானம் என்று நாம் சாதாரணமாகச் சொல்வது எப்படி உருவாகிறது, எங்கே அறுகிறது என்பதைப் போகிற வழியிலேயே பார்த்துவிடலாம்.

ஒரு விவரம் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதல் மூன்று விமானங்களும் ஒரே டிக்கெட். டொராண்டோவிலிருந்து மாண்ட்ரியல் போவது மட்டும் தனி டிக்கெட், ஒரு பயணத் தளத்தில் எடுத்தது. அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை.

மார்ச் 29, சனிக்கிழமை, சாங்கி

விமானம் இரவு 11:50-க்கு. எட்டு மணிக்கே வந்துவிட்டோம். அப்பா புறப்பாட்டுப் பலகையின் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். இங்கே இரண்டாம் முனையத்தில் முன்பு தகடுகள் படபடவென்று புரளும் பழைய பலகை இருந்தது, 2020-இல் எடுத்துவிட்டார்கள். "அந்தச் சத்தம் கேட்டா எல்லாரும் தலையைத் தூக்கிப் பார்ப்பாங்க" என்றார். உண்மைதான். இப்போது ஒரு நேரம் மாறினால் திரை ஓசையில்லாமல் மாறிக்கொள்கிறது.

உட்கார இடம் கிடைத்ததும் பழைய புத்தகத்தைப் பற்றிச் சொல்லச் சொன்னேன். சின்ன வயதில் அதை அவர் மேசையில் பார்த்திருக்கிறேன். டெலிபோன் டைரக்டரி மாதிரி தடிமன், மெல்லிய தாள், எறும்பு எழுத்து. விமான அட்டவணைகளைத் தொகுக்கும் ஓஏஜி நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி அது. அமெரிக்காவில் 1929-இல் அதன் முதல் பதிப்பு வந்தபோது அதில் இருந்தது 35 நிறுவனங்களின் 300 விமானங்கள் மட்டும். அப்பா காலத்தில் அது ஒரு கையால் தூக்க முடியாத கனம்.

எந்த ஊரிலிருந்து என்று முதலில் பார்க்க வேண்டும், அதன் கீழே எந்த ஊருக்கு என்று தேட வேண்டும். ஒவ்வொரு வரியிலும் எந்தக் கிழமைகளில் ஓடுகிறது என்பது எண்ணாக இருக்கும். திங்கள் 1, ஞாயிறு 7. எக்ஸ்67 என்று போட்டிருந்தால் சனி, ஞாயிறு தவிர மற்ற நாட்கள். அப்புறம் புறப்படும் நேரம், சேரும் நேரம், விமான எண், விமான வகை, வழியில் எத்தனை நிறுத்தம். மறுநாள் சேர்ந்தால் பக்கத்தில் கூட்டல் ஒன்று.

"எல்லாத்துக்கும் முன்னாடி என்ன பார்ப்பேன் சொல்லு?"

"நேரமா?"

"இல்ல. அந்த வரி எந்தத் தேதிலேர்ந்து எந்தத் தேதிவரைக்கும்னு பார்ப்பேன். அது பொருந்தலேன்னா மத்ததைப் படிச்சே பிரயோஜனமில்ல."

எங்கள் கோப்பிலும் அது அப்படியே இருக்கிறது. விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டா வகுத்த எஸ்எஸ்ஐஎம் என்ற வடிவத்தில் ஒரு வரிக்கு 200 எழுத்துகள். நிறுவனத்தின் குறியீடு, விமான எண், இயங்கும் காலத்தின் முதல் தேதி, கடைசித் தேதி, கிழமைகள், புறப்படும் இடம், நேரம், அந்த இடத்தின் கடிகாரம் உலகப் பொது நேரமான யுடிசியிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது, முனையம், சேரும் இடத்துக்கும் இதே விவரங்கள், விமான வகை. ஒவ்வொன்றும் வரிக்குள் தனக்கென்று குறித்த இடத்தில்தான் நிற்க வேண்டும். ஒரு எழுத்து நகர்ந்தாலும் மொத்த வரியும் தவறாகப் படிக்கப்படும்.

ஆனால் பயணியின் கைப்பேசிக்கு வரும்போது இதில் பெரும்பகுதி உதிர்ந்துவிடுகிறது. புறப்பாடு இத்தனை மணி, சேர்வது இத்தனை மணி, அவ்வளவுதான். அந்த வரி எந்தத் தேதிவரை செல்லும், கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்பது தெரியாது. புத்தகத்தில் அது கண்ணெதிரே அச்சாகி இருந்தது. இதை இழந்துவிட்டோம் என்பது எனக்கு நிஜமாகவே வருத்தம்.

இன்றைய எங்கள் விமானத்தின் வரியே ஒரு அதிசயம். நாங்கள் கிளம்பும்போது ஜெர்மனியில் குளிர்கால நேரம். நடு வானத்தில் இருக்கும்போது, யுடிசி ஒரு மணிக்கு, ஐரோப்பாவின் பெரும்பகுதியில் கடிகாரம் ஒரு மணி முன்னே தாவும். இறங்கும்போது கோடை நேரம். நேற்றுக் கிளம்பிய இதே விமானம் காலை 6:30-க்கு இறங்கியது, நாங்கள் இறங்குவது 7:30-க்கு. பறக்கும் நேரம் அதேதான். சேரும் ஊரின் யுடிசி வித்தியாசம் மாறுவதால் இன்றைய புறப்பாட்டைப் பழைய வரியோடு சேர்க்க முடியாது. இந்த ஒரு தேதிக்கென்றே ஒரு தனி வரி இருக்கும். தொடக்கம் 29, முடிவும் 29. இப்படிப்பட்ட ஒற்றை நாள் வரிகளைச் சரிபார்க்கும் வாரம்தான் எங்கள் அலுவலகத்தில் யாரும் சீக்கிரம் வீட்டுக்குப் போகாத வாரம்.

வாயிலுக்கு அழைக்கிறார்கள். மீதி அங்கே போய்.

மார்ச் 30, ஞாயிற்றுக்கிழமை, ஃபிராங்க்ஃபர்ட், அப்புறம் கெஃப்லாவிக்

7:25-க்கு இறங்கினோம். என் கைப்பேசி தானாகவே புது நேரத்துக்கு வந்துவிட்டது. அப்பாவின் கைக்கடிகாரம் சிங்கப்பூரின் பகல் 1:25-ஐக் காட்டியது. அவர் அதை மாற்றவில்லை, ஊர் போய்ச் சேரும் வரை மாற்றுவதில்லை என்பது அவர் பழக்கம்.

கைப்பேசி எப்படிச் சரியாக மாறுகிறது என்று கேட்டார். உலகத்தின் எல்லாப் பகுதிகளின் நேர விதிகளையும் தொகுத்து வைத்திருக்கும் பொதுவான ஒரு தரவுத்தொகுப்பு இருக்கிறது. ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கி வைத்தது. பால் எக்கர்ட் உள்ளிட்ட தன்னார்வலர்கள் அதைப் பேணுகிறார்கள். ஏதாவது ஒரு நாடு கடிகார விதியை மாற்றினால் அதில் திருத்தம் ஏறும், அங்கிருந்து கணினிகளுக்கும் கைப்பேசிகளுக்கும் பரவும். பரவுவதற்கு அவகாசம் வேண்டும். அதுதான் சிக்கல்.

2023 மார்ச்சில் லெபனானில் நடந்ததைச் சொன்னேன். 26-ஆம் தேதி கடிகாரத்தை முன்னே நகர்த்த வேண்டும். அதற்குச் சில நாட்களே இருக்கும்போது அரசு அதை ஏப்ரல் 20-க்குத் தள்ளி வைத்தது. நாட்டில் ஒரு சாரார் ஏற்றார்கள், ஒரு சாரார் மறுத்தார்கள். ஒரே ஊரில் இரண்டு நேரம். அந்நாட்டின் தேசிய விமான நிறுவனம் கடிகாரத்தைக் குளிர்கால நேரத்திலேயே வைத்துக்கொண்டு, வெளிநாட்டு அட்டவணைகளோடு பொருந்தும்படி தன் விமான நேரங்களை மாற்றிக்கொண்டது. சில நாட்களிலேயே அரசு முடிவைத் திரும்பப் பெற்றது. அப்பா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். "ஒரு மணி நேரம் தப்பினா மத்த ஊர்ல பிடிக்க வேண்டிய இணைப்பெல்லாம் போச்சு" என்றார். அவருக்கு நான் விளக்க வேண்டியதே இல்லை.

அடுத்த விமானம் பகல் 2:05-க்கு. ஆறரை மணி நேரத்துக்கு மேல் இடைவெளி. இவ்வளவு எதற்கு என்று தோன்றும். ஃபிராங்க்ஃபர்ட்டில் குறைந்தபட்ச இணைப்பு நேரம் 45 நிமிடம், வியன்னாவில் 25 நிமிடம்கூட உண்டு. எம்சிடி என்று சொல்லப்படும் இந்த எண்ணை ஒவ்வொரு நிலையத்துக்கும் தனித்தனியாகப் பதிந்து வைக்கிறார்கள். உள்நாட்டிலிருந்து உள்நாடு, உள்நாட்டிலிருந்து வெளிநாடு, வெளிநாட்டிலிருந்து உள்நாடு, வெளிநாட்டிலிருந்து வெளிநாடு என்று நான்கு வகை. அதன் மேல் முனையம் மாறினால் ஒன்று, இந்த நிறுவனத்திலிருந்து அந்த நிறுவனம் என்றால் ஒன்று என விதிவிலக்குகள் அடுக்கடுக்காக வரும். டிக்கெட் தேடும்போது திரையில் வரும் இணைப்புகள் எல்லாம் இந்தச் சல்லடையில் தப்பியவைதான். முதல் விமானம் சேரும் நேரத்தோடு இந்த எண்ணைக் கூட்டி, இரண்டாவது அதற்குப் பிறகு புறப்பட்டால் இணைப்பு உண்டு. ஒரு நிமிடம் முன்னால் புறப்பட்டாலும் இல்லை.

ஆகவே எம்சிடி என்பது நடந்துவிட முடியும் என்ற கணக்கு. நிம்மதியாக நடக்கலாம் என்ற பொருள் அதில் கிடையாது. எழுபத்தொரு வயதுக்காரரின் நடைக்கு அது அளந்து போடப்பட்டதும் அல்ல. அதனால்தான் நான் 45 நிமிடத்தை நம்பவில்லை.

நிறுவனம் சேரும் நேரத்தை எப்படித் தீர்மானிக்கிறது என்பதும் இதில் முக்கியம். அட்டவணையில் இருப்பது சக்கரம் வாயிலை விட்டு நகரும் நேரமும், சேரும் இடத்தில் வாயிலில் வந்து நிற்கும் நேரமும். ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, வானில் காத்திருப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். நிறுவனங்கள் முந்தைய பருவங்களின் உண்மையான நேரங்களைப் பார்த்துக் கொஞ்சம் கூடுதலாகவே வைக்கின்றன. இன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது அந்தக் கூடுதல்தான்.

2:05-க்குக் கதவை மூடிவிட்டார்கள், ஆனால் நகரவில்லை. ஐரோப்பிய வான்வெளியில் எந்த விமானம் எப்போது மேலெழலாம் என்று பிரஸ்ஸல்ஸில் உள்ள யூரோகண்ட்ரோல் நேரம் கொடுக்கிறது. கொடுத்த நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் தொடங்கி பத்து நிமிடம் பின்னால் வரைதான் செல்லுபடி. எங்களுக்குக் கிடைத்தது தாமதமான நேரம் என்று விமானி அறிவித்தார். பக்கத்து இருக்கைப் பையன் வாட்சையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குக் கெஃப்லாவிக்கில் பாஸ்டன் விமானம், இடைவெளி 75 நிமிடம். நாற்பது நிமிடம் தாமதமாகக் கிளம்பினோம். அவன் வயிற்றில் எரிந்தது எனக்கே சுட்டது. கடைசியில் இருபது நிமிடத் தாமதத்தில் சேர்ந்துவிட்டோம். அவனுக்கு மீந்தது 55 நிமிடம். அட்டவணையில் ஒளித்து வைத்த அந்தக் கொஞ்சம் நேரம்தான் பாதியைத் திருப்பிக் கொடுத்தது. கதவு திறந்ததும் ஓடினான். பிறகு நாங்கள் பெட்டிக்காக நிற்கும்போது பாஸ்டனுக்குக் கடைசி அழைப்பு என்று இருந்தது. அவன் போயிருப்பான் என்றுதான் நினைக்கிறேன்.

மார்ச் 31, ஏப்ரல் 1, ஐஸ்லாந்து

மேகம். வடதிசை ஒளி தெரியவில்லை. அப்பாவுக்கு ஏமாற்றம் இல்லை, கடற்காற்றில் எரிமலைக் கற்களின் மேல் நின்றதே போதும் என்றார். ஊரைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை, விமான நிலையத்தைப் பற்றித்தான் எழுத ஆசை.

உலக வரைபடத்தில் ஐஸ்லாந்து எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் நடுவில். இந்த இடத்தை வைத்துக்கொண்டே கெஃப்லாவிக் ஓர் இணைப்பு மையமாக வளர்ந்தது. அங்கே ஒரு நாள் என்பது இரண்டு அலை. அதிகாலையில் அமெரிக்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் விமானங்கள் வரிசையாக வந்து இறங்கும், சற்று நேரத்தில் ஐரோப்பிய ஊர்களுக்குக் கிளம்பும். பிற்பகலில் அவை திரும்பி வரும், ஐந்து மணி வாக்கில் மேற்கே போகும். நடுவில் நிலையம் ஏறக்குறைய தூங்கும்.

இந்த அலையின் கணக்கு எனக்கு மிகவும் பிடித்த கணக்கு. இருபது விமானம் வந்து இருபது விமானம் போகிறது என்று வையுங்கள். நாற்பது வரிகள்தான். ஆனால் அவற்றிலிருந்து உருவாகக்கூடிய இணைப்புகள் நானூறு. வந்து சேரும் ஒரு விமானத்தின் நேரத்தை அரை மணி பின்னே தள்ளினால் அதன் இருபது இணைப்புகளையும் மறுபடி கணக்கிட வேண்டும். சில எம்சிடிக்குக் கீழே விழுந்து விற்பனையிலிருந்தே மறையும். ஏற்கெனவே விற்றவற்றுக்கு மாற்று வழி தேட வேண்டும். ஒரு வரியில் ஓர் எண் மாறுவது என்றால் இவ்வளவு அர்த்தம்.

ஐஸ்லாந்தில் இன்னொன்று விசேஷம். 1968 முதல் அங்கே கடிகாரம் மாறுவதே இல்லை, வருடம் முழுக்க யுடிசி நேரம்தான். நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் இரண்டு பக்கமும் மாறுகிறதே. அமெரிக்காவும் கனடாவின் பெரும்பகுதியும் மார்ச் இரண்டாம் ஞாயிறு மாறுகின்றன, இந்த வருடம் 9-ஆம் தேதி. ஐரோப்பா கடைசி ஞாயிறு. நடுவில் மூன்று வாரம் டொராண்டோவுக்கும் ஃபிராங்க்ஃபர்ட்டுக்கும் உள்ள வித்தியாசம் ஆறு மணியிலிருந்து ஐந்தாகக் குறையும். ஐஸ்லாந்து அசையாமல் இருப்பதால் அலையைப் பிடித்து வைக்க வேண்டுமென்றால் மற்ற ஊர்களின் நேரத்தைத்தான் நகர்த்த வேண்டும். எங்கள் விமானமே சாட்சி. சனிக்கிழமை வரை ஃபிராங்க்ஃபர்ட்டில் 1:05-க்குக் கிளம்பியது, ஞாயிறு முதல் 2:05. ஐஸ்லாந்தில் சேரும் நேரம் மட்டும் மாறவில்லை. 3:45, அன்றும் இன்றும்.

முதல் தேதி சாயங்காலம் அப்பாவிடம் இஸ்தான்புல் கதையைச் சொன்னேன். அவர் ஓய்வுபெற்ற பிறகு நடந்தது, நான் வேலையில் சேரும் முன் நடந்தது. 2019 ஏப்ரல் 6, அதிகாலை இரண்டு மணி முதல் பிற்பகல் இரண்டு மணி வரை பழைய அத்தாதுர்க் நிலையத்தையும் புதிய நிலையத்தையும் பயணிகள் விமானங்களுக்கு மூடி, மொத்தப் போக்குவரத்தையும் புதியதற்கு மாற்றினார்கள். கூடவே ஐஎஸ்டி என்ற குறியீடும் பழையதிலிருந்து புதியதற்கு இடம்பெயர்ந்தது. அதே மூன்று எழுத்து, ஆனால் வேறு இடம், வேறு தூரம், வேறு நடை நேரம். எழுத்து மாறவில்லை என்பதால் எதையும் தொட வேண்டாம் என்று விட்டுவிட முடியாது.

"ஒரு மணி நேரத்துல முடிச்சிருக்க மாட்டாங்களே" என்றார்.

"மாசக்கணக்கா தயார் பண்ணிருப்பாங்கப்பா."

"பண்ணத்தான் வேணும்."

ஏப்ரல் 2, புதன்கிழமை, டொராண்டோ

இதை நள்ளிரவு தாண்டி விமான நிலையத்துக்கு அருகில் ஒரு விடுதியில் உட்கார்ந்து எழுதுகிறேன். மாண்ட்ரியல் போய்ச் சேரவில்லை.

கெஃப்லாவிக்கில் ஐந்து மணிக்கு ஏறினோம், ஆறு மணி நேரப் பயணம், டொராண்டோவில் மாலை ஏழுக்குச் சரியாக வந்தோம். தனி டிக்கெட் என்பதால் பெட்டிகளை எடுத்து, மறுபடி ஒப்படைக்க வேண்டும். கையில் இருந்த பயணத் தாளில் மாண்ட்ரியல் விமானம் 9:30. பயணத் தளத்தின் செயலியிலும் 9:30, பக்கத்தில் பச்சையாக உறுதி என்று இருந்தது. குடிநுழைவு முடிந்து, பெட்டி வந்து, கவுண்டருக்குப் போனபோது மணி 8:05. அவசரப்படவே இல்லை. அப்பா கழிவறைக்குப் போய்விட்டுத்தான் வந்தார்.

கவுண்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். விமானம் 8:35-க்கு. பெட்டி ஏற்பது முடிந்துவிட்டது.

எனக்கு முதலில் புரியவே இல்லை. 30-ஆம் தேதியிலிருந்து கோடைகால அட்டவணையில் அந்த விமானத்தை 55 நிமிடம் முன்னே நகர்த்தியிருக்கிறார்கள். அவர் பொறுமையாகத் திரையைத் திருப்பிக் காட்டினார். ஜனவரியிலேயே மாற்றம் பதிவாகியிருந்தது. பழைய வரிக்குப் பதிலாகப் புதிய நேரத்தோடு ஒரு வரி, அதன் பக்கத்தில் டிகே.

அப்பா எட்டிப் பார்த்தார். அந்த இரண்டு எழுத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

நேரம் மாறிவிட்டது, இருக்கை புதிய நேரத்தில் உறுதி, ஏற்றுக்கொண்டு பயணிக்குச் சொல்லுங்கள் என்பதுதான் அந்தக் குறியின் பொருள். டிக்கெட்டை விற்ற முகவரின் கணினியில் இது ஒரு வரிசையில் போய் நிற்கும். க்யூ என்பார்கள். யாராவது அதைத் திறந்து பார்த்து, பயணியைக் கூப்பிட்டுச் சொல்லி, டிக்கெட்டைப் புதுப்பிக்க வேண்டும். எங்களுடையது ஜனவரியிலிருந்து அங்கேயே கிடந்திருக்கிறது. விமான நிறுவனம் நேரடியாக எங்களுக்கு எழுதியிருக்கலாமே என்றால், முன்பதிவில் தொடர்பு முகவரியாக இருந்தது என் மின்னஞ்சல் அல்ல, அந்தத் தளத்தின் மின்னஞ்சல்.

"தினம் காலையில ஆபீஸ் திறந்ததும் முதல் வேலை க்யூவைக் காலி பண்றதுதான்" என்றார் அப்பா. அவருக்கு விமானம் போனதில் கோபமில்லை. ஒரு வேலையை யாரும் செய்யாமல் விட்டதுதான் அவரை வருத்தியது. "பண்ணாம வீட்டுக்குப் போனா தூக்கம் வராது எனக்கு. யாரோ ஒருத்தர் பெட்டியோட நிப்பாங்கன்னு தெரியும்."

நாங்கள் பெட்டியோடு நின்றோம்.

நான் எங்கே விட்டேன் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். முதல் மூன்று விமானங்களையும் அவற்றை இயக்கும் நிறுவனங்களின் தளத்திலேயே போய்ப் பார்த்தேன், மூன்று முறை. நான்காவதை மட்டும் விற்ற தளத்தின் செயலியில் பார்த்தேன். அது நவம்பரில் எடுத்த படத்தையே காட்டிக்கொண்டிருந்தது. ஒரே பயணத்துக்கு பிஎன்ஆர் என்ற முன்பதிவுக் குறியீடு இரண்டு இருக்கும், முகவரிடம் ஒன்று, விமான நிறுவனத்திடம் ஒன்று. இரண்டும் ஆறு எழுத்து. நிறுவனத்தின் பிஎன்ஆரைக் கேட்டு வாங்கி அவர்கள் தளத்தில் போட்டிருந்தால் 8:35 என்று ஜனவரியிலேயே தெரிந்திருக்கும். இதைப் படிப்பவர்கள் யாராவது இணைப்புப் பயணம் போவதாக இருந்தால் தயவுசெய்து அதைக் கேட்டு வாங்குங்கள். தொடர்பு எண்ணாக உங்கள் எண்ணையே அங்கே பதியச் சொல்லுங்கள். பயணத் தேதி மார்ச் கடைசி ஞாயிறையோ அக்டோபர் கடைசி ஞாயிறையோ தாண்டி விழுந்தால், அதற்கு முன்னால் எடுத்த டிக்கெட்டின் நேரத்தை மறுபடி ஒரு முறை பாருங்கள். ஒரே டிக்கெட்டாக இருந்திருந்தால் இந்த மாற்றம் முந்தைய விமானத்தோடு சேர்த்துச் சோதிக்கப்பட்டிருக்கும், இணைப்பு பொருந்தவில்லையென்றால் எங்காவது மணி அடித்திருக்கும். தனித்தனி டிக்கெட்டுகளுக்கு ஒன்றையொன்று தெரியாது.

கவுண்டரில் இருந்தவர் நல்ல மனுஷி. நேர மாற்றம் பயணியின் தவறல்ல என்று சொல்லி நாளைக் காலை விமானத்தில் இடம் கொடுத்தார். டிக்கெட்டைப் புதுப்பித்து, புதிய தாளை அச்சடித்து, என் கையில் கொடுக்காமல் அப்பா கையில் கொடுத்தார். அவர் பார்த்த பார்வையிலேயே தொழில் தெரிந்திருக்க வேண்டும்.

ஏப்ரல் 4, வெள்ளிக்கிழமை, மாண்ட்ரியல்

நேற்று காலை வந்து சேர்ந்தோம். நேற்று எழுதவில்லை, குழந்தையோடே பொழுது போய்விட்டது. அப்பா கைக்கடிகாரத்தைக் கழற்றி, சிங்கப்பூர் நேரத்திலிருந்து பன்னிரண்டு மணி பின்னே திருப்பினார். உண்மையில் முள்ளைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் ஒரு சுற்று முழுதாகச் சுற்றித்தான் கட்டிக்கொண்டார்.

இன்று பிற்பகல் அவரை நகரத்துக்குள் கூட்டிப்போனேன். ஐ.நா.வின் பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பான ஐக்காவோ இங்கேதான் இருக்கிறது, ஐயாட்டாவின் தலைமையகமும் இங்கேதான். ஐயாட்டா 1945 ஏப்ரலில் ஹவானாவில் தொடங்கியது. அதன் விதிகளின்படிதான் அப்பா முப்பத்திரண்டு வருடம் டிக்கெட் எழுதினார், அதன் வடிவத்தில் வரும் கோப்பைத்தான் நான் தினமும் படிக்கிறேன். விக்டோரியா சதுக்கத்தில் அந்த உயரமான கட்டடத்தின் கீழே நின்றோம். உள்ளே போக எங்களுக்கு வேலையில்லை. அப்பா அண்ணாந்து பார்த்தார். "இங்கேர்ந்துதான் நமக்கு வந்துச்சா" என்று மட்டும் கேட்டார். ஒரு படம் எடுத்துக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும், "திரும்பிப் போற டிக்கெட்டை எடும்மா" என்றார். மே மாதம் அதே வழியில் திரும்புகிறோம். இந்த முறை எல்லாம் ஒரே டிக்கெட்டாக மாற்றிக்கொண்டேன். அக்காவிடம் ஒரு நோட்டு வாங்கி, ஸ்கேலால் கோடு போட்டார். விமான எண், எதிலிருந்து எதுவரை, புறப்பாடு, சேர்வது, இடையில் எவ்வளவு நேரம். ஒவ்வொரு நிறுவனத்தின் தளத்தையும் நான் திறந்து படிக்க, அவர் எழுதிக்கொண்டார். கெஃப்லாவிக்கில் காலை அலை என்று ஓரத்தில் குறித்தார். கடைசியில் இன்னொரு கோடு போட்டு, பார்த்த தேதி என்று தலைப்பு எழுதி, நான்கு வரிகளிலும் ஏப்ரல் 4 என்று பேனாவால் போட்டார். அதன் பக்கத்தில் ஏப்ரல் 18 என்று பென்சிலால் எழுதி வைத்தார்.